வானத்துல இருந்து இரும்பு விழும், கத்தி விழாது

மு.கு.: பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீயைப் போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காந்துக்குங்க.

1621ஆம் வருஷம் ஏப்ரல் 10ஆம் தேதி. பஞ்சாப்ல ஜலந்தர் பக்கம் ஒரு கிராமம். காலை நேரத்துல கிழக்குப் பக்கமிருந்து பயங்கரமா ஒரு சத்தம். உயிரே போயிடும் போலன்னு ஊர்ஜனம் நடுங்குது. அந்தச் சத்தத்துக்கு நடுவுல மேலேருந்து ஒரு வெளிச்சம் வந்து தரையில விழுது. சத்தம் அடங்கி, கொஞ்சம் தைரியம் வந்ததும், அந்தப் பகுதி அதிகாரி முகமது சயீதுக்கு ஆளனுப்பித் தகவல் சொல்றாங்க. அவர் உடனே கிளம்பி வந்து பாக்கறார். பத்துப் பன்னெண்டு கஜம் நீள அகலத்துக்கு நிலம் கருகிக் கிடக்கு. புல் பூண்டு எதுவும் மிச்சமில்லை. தோண்டச் சொல்றார். தோண்டத் தோண்டச் சூடு ஜாஸ்தியாகுது. கடைசியில வந்தது ஒரு இரும்புக் கட்டி! அதைப் பையில போட்டு, முத்திரை வச்சு, ராஜாவோட தர்பாருக்கு அனுப்பிட்டார்.

இது பாட்டி கதை இல்லீங்க. முகலாய பாதுஷா ஜஹாங்கீர் தன்னோட சுயசரிதையில எழுதி வச்சது. (அந்தச் சூட்டு விவகாரத்தை மட்டும் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் சாப்பிடணும். விண்கல் காத்துல உரசி வரும்போது மேல்தோல்தான் உருகும். உள்ளே விண்வெளிக் குளிர் அப்படியே இருக்கும். அதனால தரைக்கு வர்ற கல்லு பெரும்பாலும் கை வைக்கிற சூட்டுலதான் இருக்கும்னு இன்னிக்குச் சொல்றாங்க. ராஜாவுக்கு அனுப்பற ரிப்போர்ட்டுன்னா கொஞ்சம் மசாலா இருக்கத்தானே செய்யும்.)

ஜஹாங்கீர்னா நமக்கு சலீம்-அனார்கலி மட்டும்தான் ஞாபகம் வரும். ஆனா மனுஷனுக்கு இன்னொரு பக்கம் உண்டு. எதைப் பாத்தாலும் அளந்து, எடை போட்டு, எழுதி வைக்கிற ஆளு. இதையும் எடை போட்டார். 160 தோலா. நம்ம கணக்குக்கு ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அப்புறம் உஸ்தாத் தாவூத்னு ஒரு கொல்லரைக் கூப்பிட்டு, "இதுல எனக்கு ஒரு வாள், ஒரு குத்துவாள், ஒரு கத்தி பண்ணிக் கொடு"ன்னு உத்தரவு போட்டார்.

இந்தப் பதிவே அந்த உஸ்தாத் தாவூதுக்காகத்தான்.

தாவூத் என்ன சொன்னார்?

போய் அடிச்சுப் பாத்துட்டு வந்து தாவூத் சொன்ன பதில்: "இது சம்மட்டிக்குத் தாங்க மாட்டேங்குது, நொறுங்கிப் போகுது."

யோசிச்சுப் பாருங்க. எதிர்ல நிக்கறது பாதுஷா. வானத்துலேருந்து விழுந்த இரும்பு, கடவுளே அனுப்பின சரக்கு மாதிரி. அதை வச்சுக்கிட்டு "சரக்கு சரியில்லை"ன்னு சொல்றதுக்கு ஒரு துணிச்சல் வேணும். நம்மள்ல எத்தனை பேர் க்ளையன்ட் கிட்ட இப்படி நேருக்கு நேர் சொல்லியிருக்கோம்? :-)

ஜஹாங்கீர் கோபப்படல. அப்படின்னா வேற இரும்போட கலந்து பண்ணுன்னுட்டார். தாவூத் மூணு பங்கு வான இரும்பு, ஒரு பங்கு சாதா இரும்புன்னு கலந்தார். ரெண்டு வாள், ஒரு குத்துவாள், ஒரு கத்தி கிடைச்சது. கலந்ததுக்கு அப்புறம்தான் அந்த இரும்போட பூவேலை வெளியில வந்துச்சாம். யேமன் வாள், தெற்கத்தி வாள் மாதிரியே வளைச்சா வளைஞ்சு, விட்டா நிமிர்ந்துக்குச்சாம். ஜஹாங்கீர் தன் முன்னாடியே வெட்டிக் காட்டச் சொல்லிப் பாத்து, நல்ல வாளுக்குச் சமமா வெட்டுதுன்னு எழுதியிருக்கார். ஒரு வாளுக்கு "வெட்டும் வாள்"ங்கற அர்த்தத்துலயும், இன்னொண்ணுக்கு "மின்னல் குணம் கொண்டது"ங்கற அர்த்தத்துலயும் பேர் வச்சார். ஆஸ்தான கவிஞர் ஒருத்தர் அதுக்கு நாலு வரிக் கவிதையும் பாடிட்டார்.

அந்தக் கத்தி இன்னிக்கும் இருக்கு. அமெரிக்கால வாஷிங்டன்ல, ஸ்மித்சோனியனைச் சேர்ந்த ஃப்ரீயர் கேலரியில. 1955ல வாங்கினாங்க. நீளம் 26.1 சென்டிமீட்டர். அதாவது நம்ம ஸ்கூல் ஸ்கேலைவிடச் சின்னது. அலகு மேல தங்கப் பதிப்பு வேலை, கூடவே எழுத்து. படத்துல உத்துப் பாத்தா உலோகத்துல தண்ணி ஓடற மாதிரி நெளிநெளியா கோடு தெரியும்.

அந்தக் கோடு எங்கேருந்து வந்துச்சு? வானத்துலேருந்தா, தாவூத் கையிலேருந்தா? இதான் கேள்வி. இதுக்குக் கொஞ்சம் சுத்தி வரணும்.

வான இரும்பு ஏன் நொறுங்குது?

பூமிக்கு வர்ற விண்கற்கள்ல பெரும்பாலானது சாதாக் கல்லுதான். இரும்புக் கட்டியா வர்றது ரொம்பக் குறைச்சல். அப்படி வர்ற இரும்புல நிக்கல் கலந்திருக்கும். பொதுவா நூத்துக்கு அஞ்சுலேருந்து பத்துப் பன்னெண்டு வரைக்கும், சிலதுல அதுக்கு மேலயும். கொஞ்சம் கோபால்ட்டும் இருக்கும். பூமியில தோண்டி எடுத்து உருக்கற பழைய கால இரும்புல நிக்கல் இந்த அளவுக்கு இருக்காது. அதனால பழைய கத்தி ஒண்ணு வான இரும்பான்னு பாக்கணும்னா முதல்ல நிக்கலைத்தான் தேடுவாங்க.

நிக்கல் நல்ல பிள்ளை. வில்லன் வேற ரெண்டு பேர்: கந்தகமும் பாஸ்பரஸும். விண்கல் இரும்புக்குள்ள அங்கங்கே இரும்பு சல்ஃபைடு திட்டுத் திட்டா உக்காந்திருக்கும். இரும்பை அடிக்கிற பதத்துக்குக் காய்ச்சினீங்கன்னா, சல்ஃபைடும் இரும்பும் சேர்ற இடம் 988 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும். வெளியே பாத்தா கட்டியாத்தான் இருக்கும், உள்ளே படிகங்களுக்கு நடுவுல திரவம். மேல ஒரு சம்மட்டி அடி விழுந்தா? உதிரிப் புட்டுதான். பாஸ்பரஸ் பண்றது வேற மாதிரி. ஆறினதுக்கு அப்புறம் இரும்பை வெடுக்குன்னு உடையற மாதிரி ஆக்கிடும்.

மூணாவது பிரச்சினை கரி. அதாவது கார்பன். கத்திக்குக் கூர் நிக்கணும்னா இரும்புல கார்பன் இருக்கணும். அப்பத்தான் காய்ச்சித் தோய்ச்சல் போட்டா கெட்டியாகும். விண்கல் இரும்புல பெரும்பாலும் அது பத்தாது. ஆக வெறும் வான இரும்புல ஒரு கத்தி பண்ணி, அது உடையாமலும் தப்பிச்சதுன்னு வச்சுக்கங்க. தக்காளி நறுக்கறதுக்குள்ள முனை மழுங்கிடும்.

அப்போ தாவூத் என்ன பண்ணினார்னு பாருங்க. நிக்கல், கந்தகம், பாஸ்பரஸ் இந்தப் பேரெல்லாம் அவருக்குத் தெரிய வழியே இல்லை. நிக்கல்னு ஒரு உலோகம் இருக்குன்னே 1751லதான் கண்டுபிடிக்கறாங்க. ஆனா கை சொல்லிடுச்சு: தனியா நிக்காது, தாங்கிப் பிடிக்க இன்னொரு இரும்பு வேணும். டீபக் பண்ண லாக் ஃபைலே இல்லாம, சத்தத்தையும் நிறத்தையும் வச்சே பிரச்சினையைப் பிடிச்ச மனுஷன்.

தாவூதுக்கு முன்னாடி

வான இரும்பை மனுஷன் தொட்டது ரொம்பப் பழைய கதை. எகிப்துல கெர்சாங்கற இடத்துல 1911ல தோண்டினப்ப ஒன்பது இரும்பு மணிகள் கிடைச்சது. வயசு ஐயாயிரம் வருஷத்துக்கு மேல. இரும்பைத் தாதுலேருந்து உருக்க அங்கே யாருக்கும் தெரியாத காலம். 2013ல வந்த ஆய்வு அது விண்கல் இரும்புன்னு உறுதிப்படுத்துச்சு. தகடா அடிச்சு, குழல் மாதிரிச் சுருட்டிப் பண்ணியிருக்காங்க.

அடுத்து நம்ம துட்டன்காமுன். கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் 1922ல கண்டுபிடிச்சார். 1925ல மம்மியோட துணிச்சுத்தைப் பிரிச்சப்ப, தொடையோரமா ஒரு குத்துவாள். தங்கப் பிடி, இரும்பு அலகு. மூவாயிரத்து முந்நூறு வருஷம் ஆகியும் துரு ஏறாத மாதிரிதான். 2016ல எக்ஸ்ரே வச்சுப் பாத்ததுல நிக்கல் கிட்டத்தட்ட 11%. வானத்துச் சரக்கேதான். 2022ல ஒரு ஜப்பான் குழு இன்னும் உத்துப் பாத்து, விண்கல்லுக்கே உரிய கோலம் அதுல லேசா மிச்சம் இருக்குன்னும், அதனால 950 டிகிரிக்குக் கீழேயே வச்சு அடிச்சிருக்கணும்னும் சொன்னாங்க. மேலே சொன்ன 988ஐ ஞாபகம் வச்சுக்கிட்டு இதைப் படிங்க. தெர்மாமீட்டர் இல்லாத ஒரு கொல்லன், அந்தக் கோட்டைத் தாண்டாம நின்னிருக்கான்!

மூணாவது உதாரணம் கிரீன்லாந்து. வடக்கே கேப் யார்க் பக்கம் ஒரு பெரிய இரும்பு விண்கல் உடைஞ்சு விழுந்து கிடந்தது. அங்கே இருந்த இனுயிட் மக்களுக்கு உலை கிடையாது, கரி கிடையாது, மரமே கிடையாது. கல்லால அந்த இரும்பைத் தட்டித் தட்டிச் சில்லுச் சில்லா எடுத்து, சூடு காட்டாமலே தட்டையாக்கி, எலும்புப் பிடியில வரிசையாச் செருகிக் கத்தி பண்ணிக்கிட்டாங்க. சூடே காட்டாததால சல்ஃபைடு தொல்லையும் இல்லை. 1818ல ஜான் ராஸ்ங்கற பிரிட்டிஷ் கேப்டன் அந்தக் கத்திகளைப் பாத்துட்டு ஆடிப்போயிட்டார்.

கதையோட முடிவு சந்தோஷமானதில்லை. ராபர்ட் பியரிங்கற அமெரிக்கர் 1895லயும் 1897லயும் அந்தக் கட்டிகளைக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டார். பெரியது மட்டும் 31 டன். நியூயார்க் இயற்கை வரலாற்று மியூசியத்துக்கு 40,000 டாலருக்குக் கைமாறிடுச்சு. தலைமுறை தலைமுறையா ஒரு ஜனத்துக்கு இரும்புச் சுரங்கமா இருந்தது, இப்போ அங்கே காட்சிப் பொருள்.

விஞ்ஞானிங்க எப்போ நம்பினாங்க தெரியுமா?

வானத்துலேருந்து கல் விழும்னு ஐரோப்பிய விஞ்ஞானிகள் ரொம்ப நாள் ஒத்துக்கவே இல்லை. கிராமத்தான் உளர்றான்னுட்டாங்க. 1794ல கிளாட்னிங்கறவர் புத்தகம் போட்டு வாதாடினார். 1803ல பிரான்ஸ்ல லேக்ல்ங்கற ஊர்ல ஆயிரக்கணக்குல கல் மழை பெஞ்சு, பியோட்ங்கற விஞ்ஞானி நேர்ல போய் விசாரிச்சு எழுதினதுக்கு அப்புறம்தான் அடங்கினாங்க. நம்ம ஜஹாங்கீர் தேதி, இடம், எடை, சாட்சி எல்லாம் போட்டு எழுதினது அதுக்கு 170 வருஷத்துக்கும் முன்னாடி.

1808ல வியன்னால விட்மன்ஷ்டேட்டன்னு ஒருத்தர் விண்கல் இரும்பை அறுத்துப் பளபளப்பாக்கிப் பாத்தார். உள்ளே குறுக்கும் நெடுக்குமா பட்டை பட்டையா ஒரு கோலம். நிக்கல் கம்மியான பட்டை, ஜாஸ்தியான பட்டைன்னு மாத்தி மாத்தி. விண்கல்லோட தாய்க்கோள் பத்து லட்சம் வருஷத்துக்கு நூறு டிகிரி, ஆயிரம் டிகிரிங்கற வேகத்துல ஆறினதால உண்டான கோலம். பூமியில எந்த ஃபேக்டரியிலயும் போட முடியாது.

இப்போ முக்கியமான விஷயம். இந்தக் கோலம் உலைச் சூட்டுல அழிஞ்சு போயிடும். நல்லாக் காய்ச்சி அடிச்சு, மடிச்சுப் பண்ணின கத்தியில தெரியற கோடு வானத்துக் கோடு கிடையாது. ரெண்டு இரும்பை அடுக்கி, ஒட்ட அடிச்சு, மடிச்சு மடிச்சுக் கொல்லன் போட்ட கோடு. சூடு காட்டாம இழைச்ச சில்லுகள்லயும், துட்டன்காமுன் குத்துவாள் மாதிரிச் சிலதுலயும்தான் ஒரிஜினல் மிஞ்சும். தாவூத் "கலந்ததுக்கு அப்புறம்தான் பூவேலை வந்தது"ன்னு ஜஹாங்கீர் எழுதியிருக்காரே, அதுக்கு அர்த்தம் இதான்.

டமாஸ்கஸ் - ஒரே பேர்ல ரெண்டு ஆளு

இதே நெளிநெளிக் கோட்டுக்குப் பேர்போன இன்னொரு சரக்கு டமாஸ்கஸ் எஃகு. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துட்டுப் போயிடுவோம். இந்தப் பேர்ல ரெண்டு வேற வேற விஷயம் ஓடுது.

முதலாவது, அடுக்கு எஃகு. ரெண்டு விதமான இரும்புத் தகடுகளை மாத்தி மாத்தி அடுக்கி, காய்ச்சி ஒட்ட அடிக்கிறது. அஞ்சு அடுக்குல ஆரம்பிச்சு ஆறு தடவை மடிச்சா 5 பெருக்கல் 64, ஆக 320 அடுக்கு. இன்னிக்கு ஆன்லைன்ல "டமாஸ்கஸ் கத்தி"ன்னு விக்கறது இதுதான். (பல சமயம் இதுகூட இல்லை, சாதாக் கத்தி மேல லேசர்ல கோடு போட்டது.)

ரெண்டாவது, ஊட்ஸ். அந்தக் காலத்து ஒரிஜினல் டமாஸ்கஸ் வாள்கள் இதுலதான் செஞ்சது. இதுல அடுக்கும் கிடையாது, மடிப்பும் கிடையாது. கார்பன் சுமார் 1.5% இருக்கற எஃகுக் கட்டியைப் பதமான சூட்டுல அடிச்சு அடிச்சு நீட்டும்போது, உள்ளே இருக்கற கார்பைடு துகள்கள் வரிசை கட்டி நிக்கும். அந்த வரிசைதான் கோடு. 1990கள்ல ஜான் வெர்ஹோவன்ங்கற அமெரிக்கப் பேராசிரியரும், ஆல்ஃப்ரெட் பென்ட்ரேங்கற கொல்லரும் சேர்ந்து இதைத் திரும்பச் செஞ்சு காட்டினாங்க. தாதுல இம்மியளவு வனேடியம் மாதிரிச் சில உலோகங்கள் இருந்தாத்தான் கார்பைடு வரிசை கட்டும்னு கண்டுபிடிச்சாங்க. ஒரு பேராசிரியரும் ஒரு கொல்லரும் சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினதுங்கறதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம்.

இந்த ஊட்ஸ் கட்டி எங்கேருந்து போச்சு? தென்னிந்தியாவுலேருந்து. 17ஆம் நூற்றாண்டுல வந்த டாவர்னியேங்கற பிரெஞ்சு வைர வியாபாரி, பாரசீகத்துல பூவேலை வாளுக்கு ஏத்த எஃகு கோல்கொண்டா ராஜ்யத்துலேருந்துதான் வருதுன்னு எழுதியிருக்கார். ஜஹாங்கீர் "தெற்கத்தி வாள்"னு எந்த ஊரை மனசுல வச்சுச் சொன்னாரோ, அதுக்கு ஊர்ப்பேர் எழுதல. ஆனா வடக்கே இருக்கற ஒரு பாதுஷாவுக்கு நல்ல வாளுக்கு அளவுகோலே தெற்குச் சரக்குதான்னு அந்த ஒரு வார்த்தை சொல்லிடுது.

ஆவாரங்குச்சியும் எருக்கிலையும்

ஊட்ஸ்ங்கற வார்த்தை கன்னட, தெலுங்கு 'உக்கு'லேருந்து திரிஞ்சதுன்னு சொல்றாங்க. நம்ம எஃகும் அதே குடும்பம். செஞ்ச இடங்கள் தெலங்கானாவுல கோனசமுத்திரம், கர்நாடகாவுல கட்டிஹொசஹள்ளி, நம்ம பக்கம் தென்னாற்காட்டு மேல்சிறுவலூர்னு வரிசையா இருக்கு. ஈரோடு பக்கம் நொய்யல் கரையில கொடுமணல்ல 1980கள்ல தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டினப்பவே உலைகளும் மூசைத் துண்டுகளும் வெளியில வந்துடுச்சு.

செய்முறை? சேலம் இரும்பை வச்சுப் பரங்கிப்பேட்டையில ஆலை நடத்தின ஹீத்ங்கற வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டுல விவரமா எழுதி வச்சிருக்கார். களிமண்ணுல ஒரு சின்ன மூசை. அதுக்குள்ள தேனிரும்புத் துண்டு, காய்ஞ்ச ஆவாரங்குச்சி கொஞ்சம், மேல ரெண்டு மூணு எருக்கிலை. வாயைக் களிமண்ணால அடைச்சிடணும். இப்படி இருபது, இருபத்திநாலு மூசையை உலையில அடுக்கி, துருத்தியை ரெண்டரை மணி நேரம் விடாம ஊதணும். ஆறவிட்டு உடைச்சா உள்ளே ஒரு குட்டி எஃகு வில்லை.

பச்சிலை வைத்தியம் மாதிரி இருக்கில்ல? ஆனா கணக்கு சுத்தம். குச்சியும் இலையும் கரியாகி இரும்புக்குள்ள கார்பனா ஏறும். கார்பன் ஏற ஏற இரும்பு உருகற சூடு இறங்கும். சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேணும். மண் உலைக்கு அது எட்டாத உயரம். கார்பன் ஏறின இரும்பு 1400 பக்கமே இளகிடும். மூடி போட்டதால காத்து உள்ளே போகாது.

சரக்கு 1790கள்ல லண்டனுக்குப் போச்சு. 1795ல ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியில கட்டுரை வாசிச்சார். ஐரோப்பியக் கொல்லர்கள் ஆசையா வாங்கி, அவங்க பழக்கப்படி வெள்ளைச் சூட்டுக்குக் காய்ச்சி அடிச்சாங்க. என்ன ஆச்சு? நொறுங்கிப் போச்சு! தாவூதுக்கு ஆன அதே கதை. கார்பன் ஜாஸ்தியான எஃகு அந்தச் சூட்டுல உள்ளுக்குள்ளேயே இளக ஆரம்பிச்சிடும். செவந்த பதத்துலயே, பொறுமையா அடிக்கணும். அந்தப் பதம் வில்லையோட சேர்ந்து கப்பல்ல போகலை. அது இங்கேயும் பாரசீகத்துலயும் பட்டறையில இருந்த ஆட்கள் கண்ணுல இருந்தது.

ஃபாரடே வர்றார்

இந்த ரெண்டு இரும்பும் ஒரே உலையில சந்திச்ச கதையையும் சொல்லிடறேன். லண்டன்ல ஜேம்ஸ் ஸ்டோடார்ட்னு ஒரு கத்திக் கடைக்காரர். ஊட்ஸை அடிக்கிற பதம் பிடிபட்ட வெகுசிலர்ல ஒருத்தர். ஐரோப்பாவோட எந்த எஃகையும்விட இந்தியாவோட ஊட்ஸ் உசத்தின்னு கடை விளம்பர அட்டையிலயே போட்டுக்கிட்டவர். அவர் கூட்டு சேர்ந்தது யார் கூடன்னு நினைக்கறீங்க? மைக்கேல் ஃபாரடே! மோட்டார், ட்ரான்ஸ்ஃபார்மர்னு பின்னாடி வந்ததெல்லாம் நமக்குத் தெரியும். அவர் அப்பா ஒரு கொல்லர்ங்கறது அவ்வளவாத் தெரியாது.

1819ல ஃபாரடே ஊட்ஸை ஆராய்ஞ்சார். அலுமினியம்தான் அதோட ரகசியம்னு தப்பா முடிவு கட்டினார். (பாரிஸ்ல பிரெயான்ங்கறவர்தான் கொஞ்ச வருஷத்துல அது கார்பன்னு சரியாச் சொன்னார்.) 1820ல ஃபாரடேயும் ஸ்டோடார்ட்டும் சேர்ந்து எழுதின கட்டுரையில ஊட்ஸைப் போலச் செய்யற முயற்சிக்குப் பக்கத்துலயே இன்னொரு முயற்சியும் இருக்கு: செயற்கை விண்கல் இரும்பு. குதிரை லாட ஆணியை எடுத்து, நூத்துக்கு மூணு நிக்கல் சேர்த்து மூசையில உருக்கினாங்க. அப்புறம் பத்து சேர்த்தும் பாத்தாங்க. வானத்துலேருந்து வந்ததையும், கடல் தாண்டித் தெற்கேயிருந்து வந்ததையும் ஒரே மேஜையில வச்சு, ரெண்டையும் லாட ஆணியிலேருந்து செஞ்சுடலாமான்னு பாத்திருக்கார் ஒரு கொல்லன் மகன். எஃகுல வேற உலோகம் கலந்து குணத்தை மாத்தற ஆராய்ச்சிக்கு இது ஒரு ஆரம்பம். நம்ம வீட்டு எவர்சில்வர் டம்ளருக்கு இதெல்லாம் தூரத்துச் சொந்தம்.

இப்போ எப்படிப் பண்றாங்க?

இன்னிக்கும் உலகம் பூரா சில பட்டறைகள்ல விண்கல் கத்தி செய்யறாங்க. வித்தை அதேதான், தாவூத் வித்தை. அர்ஜென்டினாவோட காம்போ டெல் சியலோ மாதிரி விண்கல் துண்டு எடுத்து, மேல் துருவைச் சுரண்டி, கார்பன் எஃகுத் தகடுகளுக்கு நடுவுல வச்சு மூடிடுவாங்க. நொறுங்கினாலும் வெளியே சிதறாது. வெங்காரம் தூவி, ஒட்டற சூட்டுக்குக் காய்ச்சி, முதல் சில அடி மெதுவா, தட்டிக் கொடுக்கற மாதிரி. ஒட்டிக்கிச்சுன்னு தெரிஞ்சதும் பலமா. அப்புறம் மடிப்பு. நடுவுல கூருக்குன்னு நல்ல கார்பன் எஃகு ஒரு பட்டை வச்சு, ரெண்டு பக்கமும் இந்த அடுக்கை ஒட்டுவாங்க. வெட்டற வேலை நடுப் பட்டைக்கு, அழகு பக்கத்துக்கு.

தோய்ச்சல் போட்டு, சாணை பிடிச்சு முடிஞ்சதும் ஃபெர்ரிக் குளோரைடுல முக்குவாங்க. (எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவங்க சர்க்யூட் போர்டு அரிக்க லேப்ல வச்சிருந்த அதே பழுப்புத் தண்ணி.) கார்பன் எஃகு அரிச்சுக் கறுக்கும். நிக்கல் இருக்கற வான இரும்பு அரிக்காம வெள்ளியா நிக்கும். கோடு தெரிஞ்சிடும்.

பேர்

இதையெல்லாம் படிச்சு முடிச்சப்ப எனக்கு நின்னது ஒண்ணுதான். ஜஹாங்கீரோட கத்தியை "விண்கல் கத்தி"ன்னு சொல்றோம். மத்த வாளை "டமாஸ்கஸ் வாள்"னு சொல்றோம். ஒண்ணுல வானத்துக்குப் பேர், இன்னொண்ணுல சந்தைக்குப் பேர். அடிச்ச ஆளுக்குப் பேர் எங்கே?

தாவூத் பேர் தப்பிச்சதுக்கு ஒரே காரணம், எதையும் எழுதி வைக்கிற பழக்கம் இருந்த ஒரு பாதுஷா, பொருளோட சேர்த்து ஆள் பேரையும், அவர் "முடியல"ன்னு சொன்னதையும் எழுதினது. துட்டன்காமுனோட குத்துவாளை 950 டிகிரிக்குக் கீழே நிறுத்தினவன் பேர் கிடையாது. கிரீன்லாந்துல கல்லால தட்டினவங்க பேர் கிடையாது. ஆவாரங்குச்சியை அளந்து வச்சு, ரெண்டரை மணி நேரம் துருத்தி ஊதின நம்ம ஊர்க்காரங்க ஒருத்தர் பேர்கூட ஹீத் எழுதின பக்கங்கள்ல எனக்குக் கண்ணுல படலை. அந்தத் தொழிலும் போச்சு. இங்கிலாந்து ஆலை எஃகு சல்லிசா வந்திறங்கிச்சு, ராஜாக்கள் படை கலைஞ்சது, 1878ல ஆயுதச் சட்டம் வந்தது, காட்டுல கரி சுடறதுக்குக் கெடுபிடி வந்தது. 20ஆம் நூற்றாண்டு பிறக்கறதுக்குள்ள கிட்டத்தட்ட முடிஞ்சு போச்சு.

"தமிழன் அப்பவே கண்டுபிடிச்சான், ரகசியம் தொலைஞ்சு போச்சு"ன்னு வாட்ஸப்ல சுத்துது. ரகசியம் தொலையலீங்க. கார்பன், வனேடியம், சூடு எல்லாம் இப்போ கட்டுரையாவே கிடைக்குது. தொலைஞ்சது அதைச் செஞ்ச குடும்பங்களோட பொழப்பு. அதைப் பத்தி ஃபார்வேர்டு எதுவும் எனக்கு இதுவரைக்கும் வரல.

நம்ம ஊர்ச் சந்தைப் பக்கம், பஸ் ஸ்டாண்டு ஓரம் இன்னும் சில பட்டறை இருக்கு. அரிவாள்மனைக்கும் கதிர் அறுவாளுக்கும் பதம் போட்டுக் கொடுக்கறாங்க. லாரி ஸ்ப்ரிங் பட்டையைத்தான் இப்போ அடிக்கறாங்க. அதுவும் ஒருவிதத்துல எங்கேயோ விழுந்து கிடந்த இரும்புதானே. போனா சும்மா ஒரு பத்து நிமிஷம் நின்னு, செவப்பு எந்தச் செவப்புல எடுக்கறாங்கன்னு பாருங்க. பேரையும் கேட்டுக்கிட்டு வாங்க.

பி.கு.: உங்க தோட்டத்துல விண்கல் விழுந்தா தயவு பண்ணிக் கொல்லர் கிட்ட எடுத்துட்டுப் போயிடாதீங்க. நம்ம நாட்டுல விண்கற்களைப் பாதுகாக்கறது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அவங்களுக்குத்தான் சொல்லணும். உலையில ஒரு தடவை வச்சா, பல லட்சம் வருஷம் ஆறி ஆறிப் போட்ட கோலம் அஞ்சு நிமிஷத்துல போயிடும். அப்புறம் அதைத் திரும்பக் கொண்டுவர எந்த உஸ்தாதாலயும் முடியாது.